தீ எந்தப் பக்கம் இருக்கு?

அந்த எஃப்-100 சூப்பர் சேபர் போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடலில், வாலுக்கு மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருந்தேன். 1/48 அளவு, அதாவது நிஜ விமானத்தின் நீளத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. உடம்பெல்லாம் வெள்ளித் தகடு, வால் மட்டும் தீயில் வாட்டி எடுத்தது போல நிறம் மாறியிருக்க வேண்டும். சூப்பர் சேபர் மாடலைக் கட்டுகிறவர்களில் பாதிப்பேர் அந்த வாலுக்காகத்தான் கட்டுகிறார்கள். 1953-இல் முதன்முதலாகப் பறந்த விமானம் இது. ஏறாமல் இறங்காமல் நேர்மட்டத்தில் பறந்தபடியே ஒலிவேகத்தைத் தாண்டிய முதல் அமெரிக்க விமானப்படைப் போர்விமானமும் இதுதான். ஜே57 எஞ்சினின் ஆஃப்டர்பர்னர், அதாவது வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளைப் பீய்ச்சி எரிக்கும் பகுதி, வாலுக்குள் எரிய எரிய, வெளித்தகடு சூடேறி மஞ்சளும் பழுப்பும் நீலமுமாகப் பூத்துப்போகும்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஜெட் எஞ்சின் பராமரிப்பில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மாடலை மூக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இதுல தீ எந்தப் பக்கம் இருக்கு?"

"பின்னாடி சார். இதோ, நாசில் பக்கம்."

"அப்ப நீலம் ஏன் இம்புட்டு தள்ளி முன்னால நிக்குது? மஞ்சள்ல போயி நெருப்ப வச்சிருக்கியே."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சிவப்பு என்றால் சூடு, நீலம் என்றால் குளிர்ச்சி என்று குழாய்த் திருகில் பார்த்துப் பழகிய புத்தி, எஞ்சின் வாயு வெளியேறும் வாயான நாசிலை ஒட்டி மஞ்சளும் ஆரஞ்சும் அடித்து, போகப்போக நீலமாக முடித்திருந்தது. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. தலைகீழாகவும் இருந்தது. "வீட்டுக்குப் போயி ஒரு பழைய பிளேட அடுப்புல காட்டிப் பாரு" என்று சொல்லி மாடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரியே பார்த்தேன். பழைய சவர பிளேடு ஒன்றைக் குறடால் ஒரு முனையில் பிடித்து, மறுமுனையை எரிவாயு அடுப்பின் நீலச் சுடரில் காட்டினேன். முதல் சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு முனையில் லேசாக வைக்கோல் நிறம் தட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பழுப்பாகி, கத்தரிப்பூ நிறமாகி, சட்டென்று மயில்கழுத்து நீலமானது. இதில் கவனிக்க வேண்டியது, வைக்கோல் நிறம் அழிந்துபோகவில்லை என்பதுதான். அது குறடு இருக்கும் பக்கமாக நகர்ந்து போய்விட்டது. அதன் பின்னாலேயே பழுப்பு, அதன் பின்னால் ஊதா, அதன் பின்னால் நீலம். சுடரை நேராக வாங்கிய முனையில் நீலமும் வெளுத்து, களையில்லாத சாம்பல் மட்டும் மிஞ்சியது. அடுப்பை அணைத்தேன். நிறங்கள் நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டன. அந்த பிளேடு இன்றும் என் வேலை மேசையில் ஒரு நெகிழிப் பெட்டியில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் வாங்கிய எந்த வழிகாட்டியும் அந்த அளவுக்கு உதவியதில்லை.

இந்த வரிசை உலோக வேலை செய்கிறவர்களுக்கு மனப்பாடம். சாதாரண இரும்பு உளியைப் பதம் வைக்கும்போது ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம், 300 டிகிரியைத் தொடும்போது நீலம். எவர்சில்வர் என்று நாம் சொல்லும் குரோமியம் கலந்த எஃகுக்கு இதே வரிசைதான், ஆனால் சூடு கூடுதலாக வேண்டும்: 290 டிகிரி வாக்கில் வெளிர் மஞ்சள், 390-இல் பழுப்பு, 450-இல் அடர் ஊதா, 540-க்கு மேல்தான் நீலம். தண்ணீர் வற்றியது தெரியாமல் அடுப்பில் விட்ட பாத்திரத்தின் அடியில் இதைப் பார்த்திருப்பீர்கள். பைக் சைலன்சர் எஞ்சினை விட்டு வெளியே வரும் அந்த வளைவுக் குழாயிலும் பார்த்திருப்பீர்கள். எஞ்சினை ஒட்டிய இடம் நீலம், தள்ளிப்போனால் ஊதா, இன்னும் தள்ளினால் பொன்மஞ்சள். தினம் ஓட்டுகிற வண்டியில் இருந்ததைத்தான் நான் மாடலில் தலைகீழாக அடித்து வைத்திருந்தேன்.

இதில் நிறம் என்ற ஒரு பொருளே கிடையாது. சூடேறிய உலோகத்தின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் ஒரு படலம் வளர்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறளவுகூட இருக்காது அதன் கனம். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியில் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்களை அடித்துவிடுகின்றன. படலம் மெல்லியதாக இருக்கும்போது முதலில் அடிபடுவது நீல ஒளி. அதனால் மிச்சம் மஞ்சளாகத் தெரிகிறது. கனம் கூடக்கூட அடிபடுவது பச்சை, பிறகு மஞ்சள், சிவப்பு என்று நகர, நம் கண்ணுக்கு ஊதாவும் நீலமும் வருகின்றன. மழைநாளில் ரோட்டில் சிந்திய எண்ணெய் காட்டும் வித்தையேதான். ஆக, வாலில் நீலம் இருக்கிறது என்றால் அங்கே படலம் தடித்திருக்கிறது, அதாவது அங்கே சூடு அதிகம் என்று அர்த்தம்.

இந்த விஷயம் புரிந்த நாளிலிருந்து நான் பெயின்ட் எடுக்கும் முறையே மாறிப்போனது. அதற்கு முன்னால் நீலப் பெயின்டோடு வெள்ளி கலந்து அடிப்பேன். அது உலோகம் நீலம் பூத்தது போல இருக்காது, நீலப் பெயின்ட் அடித்த தகரம் போல இருக்கும். அடியில் உலோகம் பளபளக்க வேண்டும், மேலே கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் நிறம் இருக்க வேண்டும். அதற்கு க்ளியர் வகைப் பெயின்ட்கள்தான் சரி. நான் மாடல் பெயின்ட் விற்கும் டாமியா நிறுவனத்தின் க்ளியர் வரிசையில் நான்கைந்து புட்டிகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்: எக்ஸ்-24 மஞ்சள், எக்ஸ்-26 ஆரஞ்சு, எக்ஸ்-27 சிவப்பு, எக்ஸ்-23 நீலம், பிறகு எக்ஸ்-19 ஸ்மோக். இந்தக் கடைசிப் புட்டிக்குக் கோயிலே கட்டலாம். மற்ற நான்கும் மிட்டாய் மாதிரி பளீரென்று இருக்கும். ஒரு துளி ஸ்மோக் சேர்ந்தால்தான் அவற்றுக்குச் சூடு பட்ட களை வருகிறது.

அடித்தளம் பளபளக் கறுப்பு. அதில் தூசு இருந்தால் மேலே வரும் உலோகப் பூச்சு அந்தத் தூசைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும், ஆகவே இரண்டு நாள் காயவிட்டு மெருகு பிடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அதன் மேல் ஆல்கிளாட் போன்ற லாக்கர் உலோகப் பூச்சு, வாலின் ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பொட்டு வித்தியாசமாக. பிறகு க்ளியர். இங்கேதான் என் இரண்டாவது எஃப்-100 பாழானது.

வரிசை இப்போது சரிதான். முன்னால் மஞ்சள், நாசில் பக்கம் நீலம். ஆனால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீலப் புகை மஞ்சள் மேல் படர்ந்து, வால் முழுக்கச் சுற்றி ஒரு பச்சை வளையம். பச்சைப்பாம்பு சுற்றிக்கொண்டது போல. மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், எனக்கு அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பிளேடை எடுத்துப் பார்த்தேன். அதில் பச்சை எங்குமே இல்லை. மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நேராகப் போகாமல், இடையில் பழுப்பும் ஊதாவும் காவல் நிற்கின்றன. இப்போது நானும் அப்படியே செய்கிறேன். முதலில் மஞ்சளும் ஆரஞ்சும் ஸ்மோக்கும் கலந்த வைக்கோல் நிறத்தைத் தள்ளியுள்ள இடத்தில் அடித்து, நீலம் வரப்போகும் இடத்தை வெறும் உலோகமாக விட்டுவிடுகிறேன். அடுத்தது சிவப்பும் நீலமும் கலந்த ஊதா, வைக்கோல் நிறத்தின் விளிம்பைப் பாதி மூடியபடி. அது மஞ்சள் மேல் படும் இடத்தில் தானாகவே செம்பழுப்பு வந்துவிடும், தனியாகக் கலக்கத் தேவையில்லை. கடைசியில் நீலம், ஊதாவின் மறுவிளிம்பைத் தொட்டுக்கொண்டு, மஞ்சள் பக்கம் தலைகாட்டாமல்.

ஒரு பங்கு பெயின்டுக்கு எட்டுப் பங்காவது தின்னர் ஊற்றுகிறேன். அழுத்தம் 12 பி.எஸ்.ஐ. வாக்கில், பெயின்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷின் முனை இரண்டு விரல் தூரத்தில். முதல் நாலைந்து ஓட்டத்தில் ஏதாவது விழுகிறதா என்றே தெரியாது. அந்தப் பொறுமையின்மையில் விசையைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் போச்சு. க்ளியர் பெயின்ட் ஓரிடத்தில் குட்டையாகத் தேங்கி, காய்ந்ததும் குட்டையின் கரை ஒரு அடர்கோடாக நின்றுவிடும். அதைத் துடைக்கப் போனால் அடியிலிருக்கும் உலோகமும் வந்துவிடும். இன்னொன்று, இந்தப் பூச்சு காய்ந்துவிட்டது என்று நம்பித் தொடாதீர்கள். மறுநாள் நான் வைத்த கட்டைவிரல் ரேகை ஒரு ஃபான்டம் ஜெட் மாடலின் வயிற்றில் இன்றும் இருக்கிறது.

அடிக்குமுன் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில் ஒத்திகை பார்க்கிறேன். கரண்டியின் வளைவும் விமான வாலின் வளைவும் ஏறக்குறைய ஒன்று.

இனி, எவ்வளவு அடிப்பது? என் எண்ணத்தில், மனத்தில் தோன்றுவதில் பாதி. அதன் பிறகு அதிலும் பாதி. நாம் பார்க்கும் மாடல் படங்களில் பலவற்றில் வால் வானவில்லாக இருக்கிறது, ஏனென்றால் பரிசுமேசையில் அதுதான் தூரத்திலிருந்து கண்ணை இழுக்கிறது. நிஜ விமானத்தைப் பழைய வண்ணப் படங்களில் பார்த்தால் பெரும்பகுதி அழுக்குப் பொன்பழுப்பும் சாம்பலும்தான். நீலமும் ஊதாவும் வெளிச்சம் சாய்வாக விழும் இடங்களில் மட்டும் எட்டிப் பார்க்கும். வளையம் வளையமாகவும் இருக்காது. தகட்டின் உள்ளே சட்டமும் விலாக்கட்டையும் தொடும் இடங்களில் சூடு அந்தக் கட்டைக்குள் இழுக்கப்பட்டுவிடும், அதனால் அங்கே நிறம் ஒரு படி பின்தங்கும். நீலத் தகட்டின் நடுவே ஊதாக் கோடு, பழுப்புத் தகட்டின் நடுவே மஞ்சள் கோடு என்று உள்ளே இருக்கும் எலும்புக்கூடு வெளியே தெரியும். சுகோய்-27 வகை விமானங்களின் எஞ்சின் கூட்டுக்குப் பின்புறம் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் இதை நன்றாகப் பார்க்கலாம். மாஸ்கிங் டேப்பை ஒரு மில்லிமீட்டர் கீற்றாக நறுக்கி, விலாக்கட்டை இருக்குமிடத்தில் ஒட்டிவிட்டு ஒரு ஓட்டம், எடுத்துவிட்டு ஒரு ஓட்டம். மொத்த வாலுக்கும் உயிர் வந்துவிடுகிறது. தகட்டுக்குத் தகடு உலோகக் கலவையும் வேறு. பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் ஒரே சூட்டில் வெவ்வேறு நிறம் காட்டும். கோடு கிழித்தது போலத் தகட்டு ஓரத்தில் நிறம் மாறினால் தப்பில்லை, அதுதான் சரி.

நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும் ஹாரியர் ஜெட் ஒரு நல்ல பாடம். அதன் பெகாசஸ் எஞ்சினுக்கு நான்கு நாசில்கள். முன்னிரண்டில் வருவது விசிறியின் காற்று மட்டும், பின்னிரண்டில்தான் எரிந்த வாயு. நான்குக்கும் ஒரே பர்ன்ட் அயர்ன் (எரிந்த இரும்பு நிற) பெயின்ட் அடித்த ஹாரியர்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். முன்னவை பெரிதாக நிறம் மாற வேண்டிய காரியமே இல்லை. பின் நாசில்களுக்கு அப்பால் உடம்பைக் காக்கப் பதித்திருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டில்தான் வேடிக்கையெல்லாம்.

எஃப்-15, எஃப்-16 போன்றவற்றின் ஆஃப்டர்பர்னர் குழாயின் உட்புறத்தைக் கறுப்பாக அடிக்கிறவர்களும் உண்டு. உள்ளே பீங்கான் பூச்சு. வெளிறிய வெள்ளை, அதில் பழுப்பும் சாம்பலுமாக நீளநீளக் கீற்றுகள். வெள்ளையில் துளி பழுப்பு கலந்து அடித்து, எண்ணெய்ப் பெயின்டை நீர்க்க வைத்து உள்ளிருந்து வெளியே இழுத்துவிட்டால் போதும். இருட்டுக் குழாய்க்குள் அந்த வெள்ளை தெரிவதே ஒரு அழகு.

இதுவரை சொன்னதெல்லாம் ஜெட். பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் புகைக்கறை வேறு சாதி. அங்கே உலோகம் நிறம் மாறுவது சின்னச்சின்னக் குழாய்களோடு முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் வெளியே வந்த புகை பெயின்ட் மேல் படிந்த அழுக்கு. ஜெட் வால் பளபளக்கும், ஊடுருவித் தெரியும். பிஸ்டன் கறை மாவு மாதிரி, ஒளியை விழுங்கிவிடும். முன்னதற்கு க்ளியர் பெயின்ட், பின்னதற்கு மினுமினுப்பே இல்லாத சுத்த மேட் பெயின்ட். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டும் கெடும்.

நான் கட்டிய முதல் மஸ்டாங்கில், அதாவது இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கப் போர்விமான மாடலில், புகைக்குழாய்களைச் செங்கல் நிறத் துருவாக அடித்திருந்தேன். கப்பல் மாடல் கட்டிய பழக்கம். மஸ்டாங்கின் குழாய் துருப்பிடிக்காத உலோகக் கலவை; தினம் சூடேறி ஆறி, சாம்பல் கலந்த மங்கல் பழுப்பாகக் கிடக்குமே தவிர, பழைய ஆணி போலச் சிவக்காது. இப்போது அடர் இரும்பு நிறத்தை அடித்து, மேலே டாமியாவின் எக்ஸ்.எஃப்.-64 செம்பழுப்பை நீர்க்கக் கரைத்து ஒரு ஓட்டம், வெல்டிங் தையலில் நீர்த்த கறுப்புப் பெயின்ட் (வாஷ்), வாயில் மட்டும் வெளிர் சாம்பல் தூள் ஒரு தொடல். வாயைத் துளையிட மறக்கவே கூடாது. 1/72-இல் துளையிட முடியாவிட்டால் கத்தி முனையால் ஒரு பள்ளமாவது தோண்டுங்கள். மூடிய வாயிலிருந்து புகை வராது.

கறைக்கு வருகிறேன். எல்லோரும் கறுப்பு என்று நினைக்கிறார்கள். போர்க்கால விமானப் பெட்ரோலில் ஈயம் உண்டு. எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காகச் சேர்ப்பது. இன்று சின்ன விமானங்களுக்கு ஊற்றும் 100 எல்எல் எரிபொருளில் லிட்டருக்கு அதிகபட்சம் 0.56 கிராம் ஈயம் என்றால், அன்றைய 100/130 ரகத்தில் அதுபோல் இரண்டு மடங்குக்கு மேல். அந்த ஈயம் உள்ளே தங்கிவிடாமலிருக்கப் புரோமின் கலந்த ஒரு பொருளையும் சேர்ப்பார்கள். இரண்டும் சேர்ந்து உப்பாகிப் புகையோடு வெளியே போகும். அந்த உப்பின் நிறம் வெளிர் சாம்பல், சில இடங்களில் அழுக்கு வெண்பழுப்பு. விமானி காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைத்து, சிக்கனமாக, மணிக்கணக்கில் பறக்கும்போது புகையில் கரி குறைவு, ஈயச் சாம்பல்தான் படியும். ஏறும்போதும் சண்டையிலும் பெட்ரோலைக் கொட்டிக் கொடுக்கிறார், முழுதாக எரியாத கரி கறுப்பாகப் படிகிறது. ஆகவே பெர்லின் வரை குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணைபோய்த் திரும்பிய மஸ்டாங்கும், பத்து நிமிடத்தில் மேலேறிச் சண்டைபோட்டு இறங்கிய விமானமும் ஒரே கறையைக் காட்டாது. கருநீலம் அடித்த கடற்படை ஹெல்கேட், கோர்செயர் விமானங்களில் இந்த வெளிர் கறை எடுப்பாகத் தெரியும். அவற்றின் மேல் கறுப்பைப் பூசுவது வீண் வேலை. கருநீலத்தில் கறுப்பு தெரியவும் தெரியாது.

கறை எங்கே போகும் என்பதை எஞ்சினே சொல்லிவிடும். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மெர்லின் எஞ்சின், நிமிர்ந்து நிற்கும் வி வடிவத்தில் பன்னிரண்டு சிலிண்டர். குழாய்கள் மேலே, கறை விலாப்பக்கமாக ஓடும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் பக்கத்துக்கு மூன்று குழாய், பிந்தைய மார்க் 9 ரகத்தில் ஆறு. மூன்று தடித்த தொடக்கமா, ஆறு மெலிந்த தொடக்கமா என்பதையும் கறை காட்ட வேண்டும். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இலும் பன்னிரண்டு சிலிண்டர்தான், ஆனால் எஞ்சினைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். குழாய்கள் தாழ்வாக வருகின்றன, கறை இறக்கை வேரின் மேல் ஏறி ஓடுகிறது. ஃபோக்-வுல்ஃப் 190-இன் பக்கவாட்டில் கறை அவ்வளவு அசிங்கமாக இருந்ததால் அந்த இடத்தையே கறுப்பாக அடித்துவிட்ட படைப்பிரிவுகள் உண்டு. சில அதைக் கழுகு வடிவமாக வரைந்து அலங்காரமாக்கிக்கொண்டன. பி-47 தண்டர்போல்ட்டில், புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ சூப்பர்சார்ஜர் வால் பக்கம் வயிற்றுக்குள் இருக்கிறது. எஞ்சின் மூக்கில், அதன் புகையோ பின்வயிற்றில். குழாயே இல்லாத இடத்திலிருந்து கறையைத் தொடங்கி வைத்த தண்டர்போல்ட் ஒன்றைக் கட்டியவன் யார் என்று கேட்காதீர்கள்.

வலப்பக்கமும் இடப்பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்காது. புரொப்பெல்லர் காற்றைத் திருகிவிட்டு அனுப்புகிறது. ஒரு பக்கம் கறை தூக்கும், மறுபக்கம் தாழும்.

அடிக்கும் விதத்தை ஒரே ஒரு ஸ்பிட்ஃபயரை வைத்துச் சொல்கிறேன். எக்ஸ்.எஃப்.-1 கறுப்பும் எக்ஸ்.எஃப்.-64 செம்பழுப்பும் சமபங்கு, தின்னர் பத்துக்கு ஒன்பது. குழாய் வாயிலிருந்து தொடங்கி, காற்று போகும் திசையில் கையை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். கை நகரத் தொடங்கிய பிறகு விசை, கை நிற்குமுன் விசை விடல். நின்ற இடத்திலிருந்து அடித்தால் அங்கே ஒரு பொட்டு விழும், காற்றில் பொட்டு கிடையாது. எட்டு, பத்து ஓட்டத்தில் ஒரு மங்கல் புகை எழும். காய்ந்ததும் அதன் நடுவே மட்டும், பாதி அகலத்தில், எக்ஸ்.எஃப்.-57 வெண்பழுப்பும் துளி சாம்பலும் கலந்து இரண்டாம் கோடு. கறுப்பு அடியில், வெளிர் மேலே. நாள்பட்ட கறையின் அடுக்கும் இதுதான்: ஏறும்போது படிந்தது கீழே, நெடுந்தூரம் பறந்தபோது படிந்தது மேலே. திறக்கும் மூடிகள், எரிபொருள் மூடி, பெயர்ப்பலகை போன்ற இடங்களில் கறையைக் கொஞ்சம் துடைத்துவிடுங்கள். அந்த மூடிகளைக் கழற்றி மாட்டியவர்கள் கையில் துணியும் வைத்திருந்தார்கள்.

கடைசியாகப் பாஸ்டல் தூள். மெல்லிய தூரிகையில் தொட்டு, ஊதிவிட்டு, பிறகு தேய்ப்பது. இதற்கு மேல் வார்னிஷ் அடித்தால் வெளிர் தூள் மாயமாய் மறைந்துவிடும். தூளின் இடுக்கிலிருந்த காற்றுக்குப் பதில் வார்னிஷ் புகுந்துகொள்வதால் வெள்ளை போய்விடுகிறது. நான் இப்போது தூளுக்கு மேல் எதுவும் அடிப்பதில்லை. யார் தொட்டாலும் விரலில் வரும். ஆகவே யாரையும் தொடவிடுவதில்லை.

கறை எப்போதும் பின்னோக்கித்தான் போகும் என்று இங்கே ஒரு விதி எழுதலாமென்றிருந்தேன். டோர்னேடோ ஜெட் நினைவுக்கு வந்து தடுத்துவிட்டது. இறங்கியதும் வேகத்தைக் குறைக்க, எஞ்சினின் வேகக்காற்றை முன்புறமாகத் திருப்பிவிடும் மடல்கள் அதன் வாலில் உண்டு. அவை திறக்கும்போது புகை நேராகச் செங்குத்து வாலின் மேல் அடிக்கிறது. 2019-இல் ஓய்வு பெறும் வரை பிரிட்டிஷ் டோர்னேடோக்களின் வாலடி எப்போதும் அடுப்படிச் சுவர் போலக் கரி பிடித்துத்தான் கிடந்தது.

படங்களை நம்புவது பற்றி ஒரு வார்த்தை. அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம் குளித்துப் பவுடர் பூசிக்கொண்டு நிற்பது. இன்றும் பறக்கும் பழைய போர்விமானங்களுக்கு ஊற்றுவது ஈயம் குறைந்த எரிபொருள், விரட்டி ஓட்டுவதுமில்லை, இறங்கியதும் துடைத்துவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படமென்றால் இன்னும் சிக்கல். சில ஃபிலிம்கள் சிவப்பைக் கறுப்பாகக் காட்டும், செம்பழுப்புக் கறையும் கரியும் ஒன்றாகத் தெரியும். அந்தக் குறிப்பிட்ட விமானத்தின், அந்தக் குறிப்பிட்ட மாதத்தின் படம் கிடைத்தால் வேறெதையும் பார்க்காதீர்கள்.

இப்போது மேசையில் இருப்பது ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம். நான்கு மெர்லின், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் குழாய், எட்டுக் கறைகள் இறக்கையின் மேல் ஓட வேண்டும். ஆறு முடிந்துவிட்டன. நான் வைத்திருக்கும் படத்தில் இடது வெளி எஞ்சினின் மூடிகள் மட்டும் பக்கத்து மூடிகளைவிடப் பளிச்சென்று இருக்கின்றன, அதன் பின்னால் இறக்கையிலும் கறையைக் காணோம். எஞ்சினை மாற்றிவிட்டு இறக்கையையும் கழுவியிருப்பார்கள் போலிருக்கிறது. பூதக்கண்ணாடியில் மறுபடி பார்த்தேன், ஒன்றுமில்லைதான். அந்த இரண்டையும் அடிக்காமலே விட்டிருக்கிறேன். நேற்று பெரியவர் வந்தபோது மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் மறந்துட்டியா தம்பி?" என்று கேட்டார். படத்தை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்க்கத் தொடங்கினார்.